தொடர்பியல் கற்பிக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு



தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல்–தொடர்பியல் துறைகளில் உதவிப் பேராசிரியராக அண்மையில் சேர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் இந்தக் கடிதம். நான் கொல்கத்தாவில் இதே பாடத்தைக் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களில் சிலரைச் சந்திக்கிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: "சார், இதிலேயே இருக்கலாமா, இல்லை சாஃப்ட்வேர் பக்கம் போய்விடலாமா?"

கேள்வி ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். கூடப் படித்தவர்கள் ஐ.டி. நிறுவனங்களில் உங்களைப் போலப் பல மடங்கு வாங்குகிறார்கள். நீங்களோ காலையில் இரண்டு வகுப்பு, மதியம் லேப், அதற்குப் பிறகு கோர்ஸ் ஃபைல், சிஓ-பிஓ அட்டவணை, நாக் குழு வருகிறதென்றால் ராத்திரி வரை கோப்பு, மே மாதம் வந்துவிட்டால் அட்மிஷனுக்காக ஊர் ஊராகப் பள்ளிக்கூட வாசல். சில இடங்களில் அசல் சான்றிதழ்களையே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். இது அநியாயம். இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அந்தக் கேள்விக்கு என் பதில், இருங்கள் என்பதுதான். அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: உங்கள் ஊர்க் காற்றிலும் வானத்திலும் ஏதாவது ஒன்றை அளந்துகொண்டே கற்பியுங்கள். அளவீடு இல்லாத தொடர்பியல் ஆசிரியர் வேலை சீக்கிரம் வறண்டுபோகும். அளவீடு உள்ள வேலை, எவ்வளவு சின்னக் கல்லூரியில் இருந்தாலும், ஆளைத் தாங்கி நிறுத்தும். இதை நான் இந்த நகரத்தில் கற்றுக்கொண்டேன். எனக்கு முன்னே இங்கே வாழ்ந்த ஒரு வாத்தியாரின் கதையிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அவர் பெயர் சிசிர் குமார் மித்ரா. 1890இல் ஹூக்ளி மாவட்டத்துக் கோன்னகரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மா மருத்துவம் படித்துப் பாகல்பூரில் பெண்கள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்; அந்தக் காலத்தில் அது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். மித்ரா 1912இல் பிரசிடென்சி கல்லூரியில் எம்.எஸ்சி. முடித்தார். ஜகதீஷ் சந்திர போஸிடம் ஆய்வு செய்யச் சேர்ந்தார். குடும்பச் சூழ்நிலை அதைத் தொடர விடவில்லை. பாகல்பூரில் ஒரு கல்லூரி, பிறகு பாங்குராவில் ஒரு மிஷனரி கல்லூரி என்று சில ஆண்டுகள் மாவட்டத் தலைநகரங்களில் விரிவுரையாளராக இருந்தார். சொல்லிக்கொள்ளும்படி ஆய்வகம் கிடையாது. வகுப்புக்கு மேல் வகுப்பு. இன்று விருதுநகரிலோ பெரம்பலூரிலோ நீங்கள் இருக்கும் நிலையில்தான் அவரும் இருந்தார். அந்த ஆண்டுகளில் வங்க மொழியில் எளிய அறிவியல் கட்டுரைகள் எழுதினார். வகுப்புக்குத் தேவையான சின்னச் சின்னச் சோதனைகளைத் தானே செய்து காட்டினார். இந்தியத் தொடர்பியல் கல்வியின் மூலவர் என்று நாங்கள் வணங்கும் மனிதரின் பயிற்சிக்களம் அதுதான்.

1916இல் கல்வியாளர் அசுதோஷ் முகர்ஜி அவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரிக்கு அழைத்தார். ராஜாபஜாரில், இன்றைய ஆச்சார்ய பிரபுல்ல சந்திர சாலையில் இருக்கும் அதே கட்டடங்கள். அடுத்த ஆண்டே அங்கே பாலித் பேராசிரியராக வந்தவர் நம் சி.வி.ராமன். மித்ரா ராமனின் குழுவில் ஒளியின் குறுக்கீடு, விளிம்பு வளைவு பற்றி ஆய்ந்து 1919இல் டி.எஸ்சி. பெற்றார். 1920களில் அதே ராமனைத் தேடி வத்திராயிருப்பிலிருந்து கே.எஸ்.கிருஷ்ணன் இந்த நகரத்துக்கு வந்தார். அறிவியல் படிக்கும் தமிழர்களுக்கு அப்போது கல்கத்தா கிட்டத்தட்டச் சொந்த ஊர்.

1920இல் மித்ரா பாரிஸ் போனார். ஷார்ல் ஃபாப்ரியிடம் இரண்டாவது முனைவர் பட்டம், மேரி கியூரியின் நிறுவனத்தில் சில காலம், கடைசியாக நான்சி நகரத்தில் கமிய் குத்தோனின் ஆய்வகம். அங்கேதான் முதன்முதலாக ரேடியோ வால்வைக் கையில் எடுத்தார். ஒளியியலில் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர், முப்பது வயது தாண்டிய பிறகு, அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதுத்துறைக்குப் போகிறார். அங்கிருந்தே அசுதோஷுக்குக் கடிதம் எழுதுகிறார்: வயர்லெஸ்ஸை எம்.எஸ்சி. பாடமாகக் கொண்டுவர வேண்டும், அதற்கு ஆய்வகமும் வேண்டும். அசுதோஷ் சம்மதித்தார். 1923இல் மித்ரா கைரா பேராசிரியராகத் திரும்பினார். பாடமும் ஆய்வகமும் அவர் மனதில் ஒன்றாகவே பிறந்தன என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாடத்திட்டத்தை முதலில் எழுதி, லேப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருக்கவில்லை.

அந்த ஆய்வகத்திலிருந்து 2சிஇசட் என்ற அழைப்புக் குறியில் ஒலிபரப்பே நடந்தது. 1927இல் கல்கத்தாவில் முறையான வானொலி நிலையம் தொடங்கியபோது, ஊரார் அதில் பாட்டுக் கேட்டார்கள். மித்ராவும் மாணவர்களும் அதே அலையை வைத்துத் தலைக்கு மேலே இருந்த அயனி மண்டலத்தைத் துழாவினார்கள். நிலையத்திலிருந்து தரையோடு வரும் அலையும் வானத்தில் முட்டித் திரும்பும் அலையும் ஏற்பியில் சேரும்போது ஒலி ஏறி இறங்கும். கேட்பவருக்கு அது தொல்லை. அளப்பவருக்கு, வானத்தில் ஒரு கண்ணாடி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று சொல்லும் கணக்கு. 1930இல் அவர்கள் ஈ-அடுக்குக்கான சோதனைச் சான்றை இங்கேயே கண்டார்கள். இயற்பியலாளர் ஆப்பிள்டன் இங்கிலாந்தில் இந்த வகை ஆய்வைத் தொடங்கி அப்போது ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு அவர் எங்கும் நிற்கவில்லை. போர்க்காலத்தில் வெளிநாட்டு வால்வு வரத்துச் சுருங்கியபோது ஆய்வகத்திலேயே வால்வு செய்ய முனைந்தார்கள். அரசின் வானொலி ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1947இல் ஏஷியாட்டிக் சொசைட்டி வெளியிட்ட 'மேல் வளிமண்டலம்' என்ற அவருடைய பெரிய ஆங்கில நூல் உலகமெங்கும் அயனி மண்டல ஆய்வாளர்களின் கைநூலானது. 1952இல் இரண்டாம் பதிப்பு, 1955இல் ருஷ்ய மொழிபெயர்ப்பு. ஸ்புட்னிக் பறப்பதற்கு முன்பே செயற்கைக்கோள் பறக்கவேண்டிய வெளியைப் பற்றி ஒரு கல்கத்தா வாத்தியார் எழுதிய புத்தகத்தை மாஸ்கோவில் படித்தார்கள். 1949இல் வானொலி இயற்பியல்–மின்னணுவியல் துறை தனித்துறையாக எழுந்தது. 1958இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963 ஆகஸ்டில் காலமானார்.

1949 என்ற ஆண்டைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அதே ஆண்டில்தான் குரோம்பேட்டையில் சி.ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார், தொடக்கப் பாடப் பிரிவுகளில் மின்னணுவியலும் ஒன்று. எழுத்தாளர் சுஜாதா அங்கே அதைத்தான் படித்தார். நம்மிடம் வேர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மித்ரா தொடங்கிய சங்கிலி பற்றி ஒரு பெயர் மட்டும் சொல்கிறேன். அவருடைய மாணவர் அசேஷ் பிரசாத் மித்ரா. விண்வெளியிலிருந்து இயல்பாக வரும் ரேடியோ இரைச்சல் அயனி மண்டலத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து, அதிலிருந்து அந்த மண்டலத்தின் நிலையைக் கணிக்கும் முறையை ஷெய்ன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியவர். அலைபரப்பி தேவையில்லை, ஏற்பி போதும். பரப்புவதற்குப் பணம் இல்லாத நாட்டிலிருந்து போனவருக்கு இந்த வழி தோன்றியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பின்னாளில் அவர் சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநராகவும் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் ஆனார்.

மித்ராவுக்கும் முன்னால் போஸ். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் உங்கள் லேப்பிலேயே அவர் இருக்கிறார் என்பதை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? மைக்ரோவேவ் லேப்பில் ஒரு க்ளிஸ்ட்ரான் பெஞ்ச் இருக்கும். எக்ஸ்-பேண்டு, 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலைநீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பல கல்லூரிகளில் பையன்கள் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எண்களை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பெஞ்சில் இருக்கும் உலோகக் குழாயையும் கொம்பு ஆன்டெனாவையும் 1890களில் பிரசிடென்சி கல்லூரியில், உள்ளூர்த் தகரவேலைக்காரரை வைத்து, போஸ் செய்தார். அவர் எட்டியது 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை. 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் துணைநிலை ஆளுநர் முன்னிலையில், சுவர் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். 2022இல் இந்தியா ஐந்தாம் தலைமுறைக்காக ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். அது போஸ் வேலை செய்த எல்லைக்குள்ளேயே விழுகிறது.

இன்னும் இரண்டு விவரங்கள், ஏனென்றால் இவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. அலைகளைத் தளவாக்கம் செய்ய அவர் பயன்படுத்திய ஒரு கருவி, பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாள் செருகிய பிராட்ஷா ரயில் அட்டவணைப் புத்தகம். தளவாக்கத் தளத்தைச் சுழற்றிக் காட்டப் பயன்படுத்தியது முறுக்கிய சணல். வங்காளத்தின் சணல்! கருவி வாங்க நிதி ஒதுக்கீடு வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்தச் சோதனை நடந்திருக்காது. இந்தியர் என்பதற்காகக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தை மூன்றாண்டுகள் தொடாமல் வகுப்பெடுத்த மனிதர் அவர். உரிமையை விட்டுக்கொடுக்காமலே வேலையையும் விடாமல் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி நம் விஷயம். "அவர்கள் காலத்தில் எல்லாமே புதுசு, இப்போது அளக்க என்ன இருக்கிறது, எல்லாம் குவால்காமும் ஹுவாவேயும் செய்துவிட்டார்கள்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். இது முழுக்கத் தவறு. ஏன் தவறு என்பதற்கு நம் வானமே சாட்சி.

புவியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கும் தும்பாவுக்கும் பக்கத்தில் இந்தியாவைக் கடக்கிறது. பகலில் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் மின்னூட்டத் துகள்கள் மின்புல–காந்தப்புலச் சேர்க்கையால் மேலே தூக்கப்படுகின்றன. உயரே போனபின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. அதனால் நடுக்கோட்டுக்கு மேல் அடர்த்தி குறைந்து, இரண்டு பக்கமும் தள்ளி மேடு கட்டுகிறது. வடக்கு மேட்டுக்குக் கிட்டத்தட்டக் கீழே உட்கார்ந்திருக்கிறது கொல்கத்தா. நெல்லையும் கொல்கத்தாவும் ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஜி.பி.எஸ். அலை இந்த அடர்த்தியைக் கடக்கும்போது தாமதமாகிறது. மொத்த எலக்ட்ரான் அளவின் அலகு (TECU) ஒன்றுக்கு எல்-1 அலைவரிசையில் 16 சென்டிமீட்டர் பிழை. சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் மேட்டுப் பகுதியில் பிற்பகலில் நூறு அலகு எட்டும், 16 மீட்டர். அடுத்த தெருவில் நிற்கும் ஆட்டோ உங்கள் தெருவில் தெரிவது பரவாயில்லை, விமானம் ஓடுதளத்தைத் தேடும்போது அப்படி விட முடியாது. விமானங்களுக்காக ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தித் தரும் இந்தியாவின் ககன் திட்டத்தை வடிவமைத்தவர்களுக்கு, மிதவெப்ப நாடுகளுக்கு எழுதிய திருத்த முறைகளை அப்படியே எடுத்துவைக்க முடியாமல் போனது இதனால்தான். நம் வானத்தை நாமே அளந்தாக வேண்டியிருந்தது. சூரியன் மறைந்த பிறகு இன்னொரு தொல்லை: நடுக்கோட்டின் மேல் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழுந்து, அவற்றைக் கடக்கும் அலை நடுங்குகிறது, சில நேரம் ஏற்பி செயற்கைக்கோளையே தவறவிடுகிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் ஹரிங்கட்டாவில் வைத்திருக்கும் நிலையத்திலும் நகரத்திலும் தலைமுறைகளாக இதைப் பதிவு செய்துவருகிறார்கள். ஸ்வீடனிலோ சான் டியாகோவிலோ உட்கார்ந்து இதை அளக்க முடியாது.

வானத்திலிருந்து தரைக்கு வந்தாலும் இதே கதைதான். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் 6 கிலோமீட்டர் இடைவெளி, மெதுவாக நகரும் பயனர்கள் என்ற இந்தியக் கிராமத்து நிலைமையை ஐ.டி.யு.வின் ஐந்தாம் தலைமுறைச் சோதனை நிபந்தனைகளுக்குள் கொண்டுபோய் வைத்ததில் நம் பேராசிரியர்களுக்குப் பங்குண்டு. அதற்கும் முன்பே, 1990களில், சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் பாஸ்கர் ராமமூர்த்தியும் சகாக்களும் கம்பி இழுக்கச் செலவாகும் கிராமங்களுக்காக கார்டெக்ட் முறையைச் செய்தார்கள். இவை எல்லாமே "இங்கே நிலைமை என்ன?" என்று அளந்து பார்த்ததில் தொடங்கியவை.

நீங்கள் எழுதும் ஆய்வுக்கட்டுரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடத்துக்கு இத்தனை பேப்பர் என்று கல்லூரி கேட்கிறது. மேட்லாபில் ராலே மங்கல் சானலை ஓடவிட்டு, ஒரு வரைபடத்தில் உங்கள் கோடு மற்றவர் கோட்டுக்கு ஒரு நூலிழை கீழே வருமாறு செய்து, பணம் கட்டினால் போடும் இதழுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். கோபத்தோடு சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன்: அந்தச் சானல் எந்த ஊரிலும் இல்லை. உங்கள் கல்லூரி வாசலிலிருந்து ஹாஸ்டல் வரை நடந்து அலைபேசிக் குறிகையின் வலிமையை மாணவர்கள் பதிவு செய்தால், மழை பெய்த நாளில் மறுபடி பதிவு செய்தால், வேப்பமரம் இலை உதிர்த்திருக்கும்போது இன்னொரு தடவை பதிவு செய்தால், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத தரவு உங்களிடம் இருக்கும். அதிலிருந்து வரும் கட்டுரை சின்னதாக இருக்கலாம். அது உண்மையாக இருக்கும். மாணவனும் அதை மறக்க மாட்டான்.

கருவி இல்லை என்பீர்கள். ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று இருந்தாலும் அது தணிக்கைக் குழுவுக்காக அலமாரியில் பூட்டியிருக்கும். யு.எஸ்.பி.யில் செருகும் எஸ்.டி.ஆர். ஏற்பி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைத்து எஃப்.எம். நிலையங்களின் அலைவரிசையை வகுப்பறைச் சுவரில் ஓட விடலாம். 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் சொல்லிக்கொண்டு போகும் இடத்தையும் உயரத்தையும் பிடிக்கலாம். ஃபூரியர் உருமாற்றத்தைக் கரும்பலகையில் போட்டுக் களைத்துப்போன பிள்ளைகள், திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானத்தைத் தங்கள் கையால் செய்த கம்பி ஆன்டெனாவில் பிடிக்கும்போது எப்படி எழுந்து நிற்கிறார்கள் என்று நீங்கள் பார்க்க வேண்டும். அலைபரப்ப உரிமம் வேண்டும். அதற்கு அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதிவிடுங்கள், துறையில் ஒருவராவது எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை நான் எழுதியதே இதற்காகத்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரை, திருச்சி, சென்னை என்று உங்களில் ஆறேழு கல்லூரிக்காரர்கள் சேர்ந்தால் போதும். எல்-1, எல்-5 என இரண்டு அலைவரிசையிலும் ஏற்கும் ஆண்ட்ராய்டு அலைபேசிகள் இப்போது சாதாரண விலையில் வருகின்றன. ஜி.என்.எஸ்.எஸ். லாகர் என்ற இலவசச் செயலி மூல அளவீடுகளை அப்படியே கோப்பாகத் தருகிறது. அலைபேசி ஆன்டெனா ஆய்வுத்தர ஏற்பிக்கு ஈடாகாது, தெரியும். ஆனால் குமிழி கடக்கும்போது குறிகை விழுவது தெரியும், அது போதும் தொடங்க. நான் இங்கே கொல்கத்தாவில் என் மொட்டை மாடியில் அதே நேரம் பதிவு செய்கிறேன். இந்த நகரம் உங்களுக்கு நேர் வடக்கே இல்லை. நெல்லையிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் கிழக்கே தள்ளி இருக்கிறது, பொழுதும் முக்கால் மணி நேரம் முன்னதாகச் சாயும். குமிழிகளோ இரவில் கிழக்கு நோக்கி நகர்பவை. ஆகவே உங்கள் பதிவையும் என் பதிவையும் பக்கத்தில் வைத்தால் என்ன பொருந்தும், எது பொருந்தாது என்பதே மாணவர்களுக்கு ஒரு முழு ஆண்டுத் திட்டப்பணி.

மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்கள் இதற்கு ஏற்றவை. மாலை ஆறரை மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை பதிவு ஓடட்டும். அலைபேசியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், திறந்த மாடியில் மல்லாக்க, ஒரே இடத்தில், எல்லா நாளும் வையுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறியுங்கள். கோப்பைத் திருத்தாமல், அழகுபடுத்தாமல், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு சேமியுங்கள். குறிகை விழாத இரவுகளின் கோப்புகளையும் தூக்கிப் போடாதீர்கள், அவையும் வேண்டும்.

அன்புடன்,
கொல்கத்தாவிலிருந்து,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு மூத்த ஆசிரியர்